ஏழுக்கு விழுகிறவள்

அத்தியாயம் பதினான்கு

போன வார அத்தியாயத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த அக்கா, விடியும்போதும் அதே பக்கம்தான் கிடந்தாள். தூங்கினாயா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட வேண்டும்.

அக்காவுக்குத் தொழில் சண்டை. சினிமாவில் நாயகிக்கு டூப் போடுகிறவள். பதினோரு வருஷமாக மாடியிலிருந்து விழுகிறாள், கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்கிறாள். திரையில் தெரிவது அவளுடைய முதுகு மட்டும். அதனால் சண்டைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயரே முதுகு. "முதுகு வந்தாச்சா", "முதுகுக்கு ஒரு டீ" என்று கூசாமல் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

இப்போது எடுக்கிற படம் கொலைகாரிகளைப் பற்றியது. ஊருக்கு வெளியே ஒரு பங்களா. அநாதைப் பெண் குழந்தைகளை எடுத்து வந்து, பெயரை அழித்து, நம்பர் கொடுத்து, கத்தியும் காலும் பழக்கி, ஆள் கொல்ல அனுப்புகிற வீடு. அதில் நாலாம் நம்பர் என்று ஒருத்தி வருகிறாள். வசனம் உண்டு. முகம் உண்டு. நாயகியையே உதைத்துத் தள்ளுகிற காட்சி உண்டு. அந்த வேஷம் உனக்குத்தான் என்று சண்டை மாஸ்டர் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

டைரக்டருக்குக் காட்டுவதற்காக, மொட்டை மாடியில் தான் அடிப்பதை அம்மாவின் போனில் வீடியோ பிடித்து அனுப்பினாள் அக்கா. எதிரே நின்று அடி வாங்க ஒரு ஆள் வேண்டுமே என்று தங்கச்சியை நிறுத்தினாள். அவ்வளவுதான் செய்தாள்.

டைரக்டர் பார்த்துவிட்டு, "எதிர்ல நிக்கிற பொண்ணு யாரு?" என்று கேட்டார்.

நாலாம் நம்பர் தங்கச்சிக்குப் போயிற்று. அக்கா வழக்கம்போல நாயகியின் முதுகானாள். இன்றைக்கு அந்த உதை விழ வேண்டிய நாள்.

*

அம்மா ஐந்தரைக்கே மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். அதே படத்தில் உடுப்புப் பகுதியில் அம்மாவுக்குத் தையல் வேலை. மடியில் இரண்டு கறுப்பு டிரஸ். ஒன்று தங்கச்சிக்கு. இன்னொன்று நாயகியுடையதைப் போலவே அச்சாகத் தைத்தது, அக்காவுக்கு. விழுந்தால் அடிபடுகிற இடங்களில் உள்பக்கம் ஸ்பாஞ்சு வைத்துத் தைக்க வேண்டும்.

தங்கச்சி தரையில் காலை அகட்டி உட்கார்ந்து, நெற்றியை முட்டியில் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கொலைகாரின்னா எல்லாப் படத்துலயும் கறுப்புலதான் வரணுமா? ஒரு மஞ்சள், ஒரு ரோஸ் போட்டுக்கிட்டு வந்தா ஆளு சாக மாட்டானா?"

"சாவான். அப்புறம் அந்த ரத்தக் கறையை யாரு தொவைக்கிறது, நீயா? கறுப்புன்னா ஒரு அலசு அலசிக் காயப் போட்டுடலாம்."

"அதுக்குத்தானா?"

"பின்ன? ஒவ்வொரு கொலைகாரிக்குப் பின்னாடியும் துணி அலசுறவ ஒருத்தி இருக்காடி. அவளை வெச்சு எவன் படம் எடுக்கிறான்."

தங்கச்சி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அவள் கண் அம்மாவின் கையில் இருந்தது. தங்கச்சியின் டிரஸ்ஸில் முதுகுக்கு இரண்டு மடிப்பு ஸ்பாஞ்சு போயிற்று. அக்காவுடையதில் ஒரு மடிப்பு.

"இன்னிக்கி விழப் போறது நான்மா," என்றாள் அக்கா.

"தெரியும். அவ நாளைக்கி விழணும்ல. நாயகி பழி வாங்குற சீனு. இப்பவே தெச்சுட்டா ஒரு வேலை முடிஞ்சுது."

"அவளுக்கு ரெண்டு மடிப்பு, எனக்கு ஒன்னு."

அம்மா நிமிரவில்லை. "அவளுக்கு இது புதுசு. உனக்குப் பழகிடுச்சு."

அந்தச் சொல்லை அக்கா டீயோடு சேர்த்து விழுங்கினாள். மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகு பழகிவிடும் என்று தூக்காதவன்தான் சொல்வான். முதுகு என்றைக்கும் பழகுவதில்லை. வலிக்கிறது என்று சொல்லாமல் இருக்க வாய்தான் பழகிக்கொள்கிறது.

"அம்மா, என்னோடதுல ஒன்னை எடுத்து அக்காவுக்கு வெச்சுடேன்," என்றாள் தங்கச்சி.

"வேணாம் தாயி," என்றாள் அக்கா. "மொகம் உள்ளவ நீ. பத்திரமா இரு. முதுகு எங்க வேணா கெடைக்கும்."

மிஷின் ஒரு நிமிஷம் நின்று மறுபடி ஓடியது. தங்கச்சி நெற்றியை முட்டியில் வைத்தவள் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

*

பங்களாவின் மாடிக்கூடத்தைப் பலகையில் அடித்து நிறுத்தியிருந்தார்கள். முன்பக்கம் பார்த்தால் தேக்கு மரம். பின்பக்கம் போனால் ஒட்டுப்பலகையும் ஆணியும். கூடத்தின் ஓரத்தில் ஒரு பால்கனி. அதன் கைப்பிடி தொட்டால் உடைகிற மாதிரி அறுத்து ஒட்டியது. கீழே பதினாலு அடி.

அக்கா முதலில் கீழே போனாள். எத்தனை பேர் இருந்தாலும் தன் படுக்கையைத் தானே போட்டுக்கொள்கிறவள் அவள். வெற்று அட்டைப் பெட்டிகளை மூன்று அடுக்காகத் தானே அடுக்கினாள். ஒவ்வொரு பெட்டியையும் கையால் அழுத்திப் பார்த்தாள். மேலே இரண்டு மெத்தை. மெத்தையின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு.

"முதுகு, கல்யாண வீட்டுல கூட இவ்வளவு பார்த்துப் படுக்கை போட மாட்டாங்க," என்றான் ஒரு சண்டைக்காரன்.

"கல்யாணத்துல விழுறவ எழுந்திரிக்கவா போறா," என்றாள் அக்கா. நாலு பேர் சிரித்தார்கள். அவளுக்கே கொஞ்சம் தெம்பு வந்தது.

அந்தத் தெம்பு மேக்கப் அறை வாசல் வரைக்கும்தான். உள்ளே தங்கச்சியைச் சுற்றி மூன்று பேர். ஒருத்தி புருவம் எழுதுகிறாள். ஒருத்தி கன்னத்தில் ஒரு தழும்பு ஒட்டுகிறாள். இன்னொருத்தி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தாடையைக் கொஞ்சம் நிமிர்த்தும்மா. எவ்வளவு அழகான தாடை," என்கிறாள்.

அந்தத் தாடை அக்காவுக்கும் உண்டு. ஒரே வயிற்றில் வந்த தாடை.

அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நாயகியின் விக்கை எடுத்து அவள் தலையில் மாட்டிப் பத்து கொண்டை ஊசி குத்தினார்கள். இரண்டு நிமிஷ வேலை.

"மொகத்துக்கு?" என்றாள் அக்கா. ஏன் கேட்டாள் என்று தெரியவில்லை.

புருவம் எழுதுகிறவள் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தாள். "உங்களுக்கு எதுக்குக்கா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

*

இங்கே தொழிலில் மூன்று விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால்தான் அன்றைக்கு நடந்தது விளங்கும்.

ஒன்று, அடிக்கிறவள் எண்ணக் கூடாது. வாங்குகிறவள்தான் எண்ண வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் வாங்குகிறவள் மூச்சை விடுவாள். அந்த மூச்சைக் கேட்டுத்தான் அடிக்கிறவள் அடுத்த அடியை இறக்குவாள். விழப் போகிறவளுக்குத்தானே தன் கால் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

இரண்டாவது, வாங்குகிறவள் அடிக்கிறவளின் முகத்தைப் பார்க்கக் கூடாது. இடுப்பைப் பார்க்க வேண்டும். முகம் ஆயிரம் பொய் சொல்லும். இடுப்பு திரும்பினால் கால் வந்தே தீரும்.

மூன்றாவது டூப்புக்கு மட்டும். விழுகிற நொடியில் தலையை ஒரு வெட்டு வெட்டி விக்கின் முடியை முகத்தில் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். பக்கவாட்டு கேமராவில் முகம் தெரிந்துவிடக் கூடாது. அக்கா இதற்குக் கதவு சாத்துவது என்று பெயர் வைத்திருந்தாள். பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் கதவைத் திறந்து போட்டுவிட்டு அவள் விழுந்ததில்லை.

இந்தச் சண்டையில் ஏழு அடி. ஆறு வரைக்கும் கை. ஏழாவது, நெஞ்சில் உதை. ஏழுக்கு அக்கா பின்பக்கம் பாய்ந்து, கைப்பிடியை உடைத்துக்கொண்டு விழ வேண்டும். மேலே தங்கச்சியின் முகம். கேமரா அதைத்தான் பார்க்கும்.

ரிகர்சலில் மூன்று தடவையும் பிசகாமல் வந்தது.

"அப்படித்தான்," என்றார் மாஸ்டர். விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எதிலும் பல்லைக் காட்டாத மனிதர். "அக்காவும் தங்கச்சியும்னா தனியா பழக்க வேண்டியதில்ல."

டைரக்டர் மானிட்டரில் தங்கச்சியின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "பாருய்யா," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "இத்தனை நாள் இது எங்க இருந்துச்சு?"

எங்கே இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் இருந்தது என்று அக்கா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன், காய்ச்சலுக்கு ராத்திரி முழித்தேன், மொட்டை மாடியில் கால் தூக்கப் பழக்கினேன். அந்த முகம் இருந்த இடம் எனக்குத் தெரியாதா.

"டேக்," என்றார் டைரக்டர்.

ஒன்று. இரண்டு. மூன்று. கை கையில் பட்டு மாவு பிசைகிற மாதிரி ஓசை. நாலு. ஐந்து. ஆறு.

ஏழுக்கு அக்கா மூச்சை விடவில்லை.

வேண்டுமென்று செய்தாளா என்றால், வேண்டுமென்றுதான் செய்தாள். ஒரு இமை கொட்டுகிற நேரம். கிளம்பிவிட்ட தங்கச்சியின் கால் மூச்சைத் தேடி ஒரு சாண் தூரத்தில் தடுமாறி நின்றது. அப்புறம்தான் அக்கா விழுந்தாள். பெட்டிகள் நசுங்கின. மெத்தையில் கோட்டின் மேலேயே முதுகு இறங்கியது.

"கட். என்னய்யா இது, காத்துக்கு விழுந்த மாதிரி இருக்கு. உதையே படலையே."

புதுப் பெட்டி அடுக்கி, கைப்பிடி ஒட்டி, இரண்டாவது டேக் எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டாவதிலும் அக்கா ஏழாவது மூச்சைத் தாமதமாக்கினாள். இந்தத் தடவை அரை இமை. அது போதும்.

மெத்தையில் கிடந்தபடியே டைரக்டர் பேசுவதைக் கேட்டாள். சத்தமாகப் பேசுகிற மனிதர் இல்லை. ஆனால் பலகைக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும்.

"மொகம் இருக்கு, ஆனா மொகத்தைக் காட்டிக்கிட்டு அடிக்கத் தெரியல. சாயங்காலத்துக்குள்ள இந்த ஷாட் முடியணும். இன்னொன்னு பார்ப்போம். அதுவும் இப்படி வந்தா அந்த டான்ஸர் பொண்ணை நாலாம் நம்பர் ஆக்கிடு. மொகத்தை அதுகிட்ட தனியா எடுத்துக்கலாம்."

"அப்ப இந்தப் பொண்ணு?"

"உயரம் ஒன்னுதானே. டான்ஸருக்கு இவளையே டூப்பாப் போட்டுக்க."

ஓரத்து நாற்காலியில் டான்ஸர் பெண் போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அக்காவுக்கு வயிற்றில் ஏதோ இனித்தது. வெயிலில் வேலை பார்த்தவன் தொண்டையில் முதல் வாய்த் தண்ணீர் இறங்குமே, அந்த மாதிரி. இனிமேல் வீட்டில் இரண்டு முதுகு. காலையில் ஒரே வேனில் போகலாம். இரண்டு நிமிஷத்தில் இரண்டு பேருக்கும் விக் மாட்டுவார்கள். மொகத்துக்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இனித்த வேகத்திலேயே அது கசந்தும் போயிற்று. ஆனால் முதலில் இனித்தது. அதை அவள் மறைக்கவில்லை, தன்னிடமாவது.

*

மாஸ்டர் வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டார். கையை உடனே விடவில்லை.

"நீ தாமதமா விழுந்து நான் பார்த்ததே இல்ல. இன்னிக்கி ரெண்டு தடவை."

"முட்டி வலிக்குது மாஸ்டர்."

"முட்டியா?"

"முட்டிதான்."

"வேற எங்கயும் வலிக்கலையே?"

மாஸ்டர் கையை விட்டார். "உனக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாத்தல. அதுக்கு என்னைத் திட்டு. வாய் நிறையத் திட்டு. ஏழாவது மூச்சை மட்டும் ஏழுக்கே விடு."

தண்ணீர் கேன் பக்கத்தில் தங்கச்சி நின்றிருந்தாள். வேர்வையில் ஒட்டுத் தழும்பு ஒரு ஓரம் பிரிந்து தொங்கியது. டான்ஸர் விஷயம் அவள் காதுக்கும் வந்துவிட்டது என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா, ஒன்னு கேக்கவா?"

"கேளு."

"ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல மூச்சைப் பிடிக்கிறியா?"

"இல்லையே."

"சத்தியமா?"

"என்னடி, போலீஸா நீ? காலை முந்தி விடுறது நீ. மொகத்தைக் காட்டுறதுலயே கவனமா இருந்தா காதுல மூச்சு எப்படி விழும்?"

தங்கச்சி தம்ளரைக் கேன் மேல் கவிழ்த்து வைத்தாள். மெதுவாக வைத்தாள்.

"சரி. நான்தான் தப்பு. அப்ப இந்தத் தடவை நானே எண்ணிக்கிறேன்."

"அடிக்கிறவ எண்ணக் கூடாது. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"சொல்லியிருக்க. வாங்குறவ ஒழுங்கா எண்ணுனா."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பத்து வயசு சின்னவள். இந்த மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து இதுவரைக்கும் வந்ததில்லை.

*

மூன்றாவது டேக்.

பால்கனியில் அக்கா காலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பதினாலு அடிக்குப் பயப்படுகிறவள் இல்லை அவள். ஏழு எப்போது வரும் என்று தெரியாமல் நின்றது அவளுக்கு இதுவே முதல் தடவை. தாவுவதற்கு முன்னால் உதை வந்துவிட்டால் மெத்தையைத் தாண்டித் தலை போகும். தாவிய பின்னால் வந்தால் டான்ஸர் பெண் எழுந்து வருவாள்.

உதைக்கு முந்தித் தான் தாவிவிட்டால் போதும். அவ்வளவுதான். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

ஒன்று. இரண்டு. மூச்சு விட்டாளா இல்லையா என்று அக்காவுக்கே தெரியவில்லை. மூன்று. நாலு. ஐந்து. இடுப்பைப் பார்க்க வேண்டிய கண் மேலே ஏறிவிட்டது. தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள்.

இத்தனை நாள் அடித்துப் பழகியதில் ஒரு நாளும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அங்கே தங்கச்சி இல்லை. பெயரை அழித்து நம்பர் போட்ட ஒருத்தி நின்றாள். கோபம் இல்லை, பயம் இல்லை. எடுத்த வேலையை முடிக்க வந்த முகம்.

இது நான் வாங்கியிருக்க வேண்டிய வேஷம் என்று நினைத்தாள் அக்கா. இதை என்னால் இவ்வளவு நன்றாகச் செய்திருக்க முடியாது என்பதும் அதே நொடியில் தெரிந்துபோயிற்று. இரண்டாவதுதான் தாங்கவில்லை.

ஆறு.

தாவினாளா, உதை வந்து தள்ளியதா, அதை மாஸ்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒன்றாக நடந்தது. கைப்பிடி உடைந்து சிதறியது. கறுப்பு டிரஸ் காற்றில் ஒரு வளைவு வளைந்தது. பெட்டிகள் மூன்று அடுக்கும் அமுங்கின.

ஒரு மடிப்பு ஸ்பாஞ்சு முதுகில் சரியாகத்தான் இருந்தது. வலித்தது. பழகிய வலிதான்.

மேலே எல்லாரும் கை தட்டினார்கள். டைரக்டர் கையைத் தூக்கினார்.

"இருங்க. டூப்போட மூஞ்சி தெரியுது."

கதவைச் சாத்த மறந்துவிட்டாள்.

*

மானிட்டரைச் சுற்றிக் கூட்டம். பக்கவாட்டு கேமராவில் படம் நிறுத்தியிருந்தது. உடைந்த கைப்பிடிக்கு மேலே தங்கச்சி. காற்றில் அக்கா. விக்கின் முடி பின்னால் பறக்க, முகம் முழுசாக, வெளிச்சத்தில்.

அக்கா தன் முகத்தை இவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை.

"இன்னொன்னு போலாமா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

டைரக்டர் அதை இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு நாயகியைக் கூப்பிட்டார். "வேணாம். நாலாம் நம்பரோட அடி இதைவிட நல்லா வராது. இது போதும். டூப் மொகம் தெரியுற இடத்தை மட்டும் வெட்டிட்டு, மேடம், உங்க க்ளோசப்பை வெச்சுக்குவோம். ஆனா எனக்கு இந்த மொகம்தான் வேணும். இதை அப்படியே பண்ணுங்க."

தங்கச்சி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்தாள். டான்ஸர் பெண் மறுபடி போனைப் பார்க்கப் போய்விட்டாள்.

"முதுகு," என்றான் காலையில் கேலி பேசிய சண்டைக்காரன், "இத்தனை வருஷம் மேடத்துக்கு நீ டூப்பு. இன்னிக்கி மேடம் உனக்கு டூப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். நாயகியும் சிரித்தாள். பிறகு போய் நாலு தடவை முகத்தை மாற்றி மாற்றிக் காட்டினாள். பயந்த மாதிரி ஒன்று. அழுகிற மாதிரி ஒன்று. எதற்கும் டைரக்டர் தலையை ஆட்டவில்லை. கடைசியில் நாயகியே அக்காவிடம் வந்தாள். நல்ல பெண். தொழிலில் வெட்கம் பார்க்காதவள்.

"அக்கா, எனக்கு வர மாட்டேங்குது. விழுறப்ப மனசுல என்ன ஓடுச்சுன்னு சொல்லுங்களேன். பயமா, கோவமா, என்ன அது?"

தங்கச்சி இரண்டடி தூரத்தில் நின்றாள். அம்மா அக்காவின் பின்னால் நின்று, பிய்ந்த தோள் தையலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா மானிட்டரையே பார்த்தாள்.

"ஒன்னும் இல்ல மேடம். எண்ணிக்கிட்டிருந்தேன்."

"எண்ணுனா இப்படியா மொகம் போகும்?"

"ஏழு வரைக்கும் எண்ணணும்ல."

நாயகி புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனாள். தங்கச்சிக்குப் புரிந்தது. மூன்றாவது டேக்கில் எண்ணியவள் யார் என்று அந்த இடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். அக்காவின் காதுக்கு மட்டும் விழுகிற குரலில் சொன்னாள்.

"இந்த மொகம் எனக்குத் தெரியும்."

"எந்த மொகம்?"

"டிவியில நிக்குதே. இவ பொறந்த அன்னிக்கி ஆஸ்பத்திரிக்கு வந்த. கதவுக்கிட்ட நின்னுக்கிட்டு உள்ள வர மாட்டேன்னுட்ட. இவ என் மடியில இருந்தா. நீ இப்படித்தான் பார்த்த."

அக்கா திரும்பவில்லை. ஊசி இன்னும் தோளில் இருந்தது. திரும்பினால் குத்தும்.

*

ஐந்தரைக்கு வேன் வீட்டு முனையில் இறக்கிவிட்டது. ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் மிஷின் மேல் விழுந்திருந்தது. அக்கா பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தோள் தரையில் பட்டபோது பல்லைக் கடித்தாள்.

தங்கச்சி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். தழும்பு போயிருந்தது. பசை ஒட்டிய இடம் மட்டும் சிவந்திருந்தது. பையிலிருந்து தன் கறுப்பு டிரஸ்ஸை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"பிரிச்சுடும்மா."

"எதை?"

"ரெண்டு மடிப்பு வேணாம். ஒன்னு போதும். எனக்கும் பழகட்டும்."

"வெளையாடாதடி. நாளைக்கி அதே பால்கனி. மொகத்தைக் காட்டிக்கிட்டே விழணும்னுதானே உன்னைப் பிடிச்சாங்க. முடியால மொகத்தை மூடிக்கிட்டு விழ முடியாது."

"தெரியும்."

"உதைக்கப் போறது யாருன்னு தெரியுமா?"

"தெரியும்மா. மேடத்தோட முதுகு." தங்கச்சியின் குரலில் கேலி இல்லை. "நாளைக்கி நான் வாங்குறவ. நான்தான் எண்ணுவேன். ஏழுன்னு நான் மூச்சு விடுறப்ப உதைச்சா போதும். முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம்."

அக்காவிடம் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அம்மா பிளேடை எடுத்தாள். தையல் அறுபடுகிற சத்தம் கேட்டது. டப். டப். சுவரைப் பார்த்துக் கிடந்த அக்கா, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். மூன்று. நாலு. ஐந்து. ஆறு.

சத்தம் நின்றது.

"பெரியவளே, எழுந்து உக்காரு," என்றாள் அம்மா. "இவ சொல்றா, நான் அறுக்கிறேன். ஆனா நாளைக்கி அந்தக் கால் உன்னோடது. நீ சொல்லு. இந்த ஸ்பாஞ்சு இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?"

இருக்கட்டும் என்றால், என் காலை நம்பாதே என்று தங்கச்சியிடம் தானே சொன்ன மாதிரி. எடு என்றால், நாளைக்கு அந்தக் காலை யார் பிடித்து நிறுத்துவது. இன்றைக்கு மூச்சையே அவளால் ஒழுங்காக விட முடியாமல் போகவில்லையா.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். பாதி பிரிந்த தையலுக்குள்ளிருந்து மஞ்சள் ஸ்பாஞ்சு எட்டிப் பார்த்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்து மெதுவாக மேலே வந்தது.

என்ன சொன்னாலும் அதைத் தங்கச்சியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, அக்கா நிமிர்ந்தாள்.

தங்கச்சி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.